ஜன்னலை மூடிவிட்டு வைத்த மரம்

நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது எங்கள் வீட்டில் நோட்டுகளுக்கு அட்டை போட்டது 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாளில்தான். அந்த வயதுக்காரர்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும். வழவழன்னு தாள், லேசுல கிழியாது, கலர் படம் வேற. கணக்கு நோட்டுக்கு டிராக்டர், தமிழ் நோட்டுக்கு விண்வெளி வீரர். ஒரு வருஷம் அறிவியல் நோட்டுக்கு வந்து வாய்த்தது ஒரு பெரிய மண்டபத்தின் படம். நடுவில் உயரமான ஊசியிலை மரம், அதன் மேல் எல்லாம் விளக்குகள், உச்சியில் சிவப்பு நட்சத்திரம். சுற்றிலும் குழந்தைகள் கைகோத்து நிற்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு தாத்தா.

"இது கிறிஸ்துமஸ்தானேப்பா?" என்று கேட்டேன்.

"ரஷ்யாவுல ஏதுடா கிறிஸ்துமஸ், அங்கதான் சாமியே கிடையாதே."

"அப்ப மரம் எதுக்கு?"

அப்பா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். "அது வேற மரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரொம்ப வருஷம் கழித்து, சோவியத் காலக் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. யெலேனா துஷேச்கினா என்ற ரஷ்ய ஆய்வாளர் இந்த ஒரு மரத்தின் வரலாற்றை மட்டுமே ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் ஆச்சரியமாக இருந்தது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. மரம் என்னவோ அதே மரம்தான். அதன் பேரில் அரசாங்கமும் அப்பா அம்மாக்களும் குழந்தைகளிடம் சொன்னதுதான் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

ராஜா கொண்டுவந்த கிளை, ராணி கொண்டுவந்த மரம்

ரஷ்ய மொழியில் அந்த மரத்துக்குப் பேர் யோல்கா. மரத்துக்கும் யோல்காதான், மரத்தைச் சுற்றி நடக்கும் விழாவுக்கும் யோல்காதான். 'யோல்காவுக்குப் போனோம்' என்றால் விழாவுக்குப் போனோம் என்று அர்த்தம்.

இதில் முதலில் கை வைத்தது ஜார் மன்னர் முதலாம் பீட்டர். 1699 டிசம்பரில் ஒரு ஆணை போட்டார். இனிமேல் ஐரோப்பாவில் செய்வது போல ஜனவரி 1தான் புத்தாண்டு, அன்றைக்கு வீட்டு வாசலில் ஊசியிலைக் கிளைகளைக் கட்டி அலங்கரிக்க வேண்டும் என்று. அதற்கு முன்பு ரஷ்யாவில் ஆண்டு பிறந்தது செப்டம்பரில். மன்னர் போன பிறகு அந்த வழக்கம் வீடுகளில் நிலைக்கவில்லை. சாராயக் கடைக்காரர்கள் மட்டும் கடை அடையாளமாகக் கூரையில் கிளையைச் செருகி வைத்துக்கொண்டார்கள். ஆக, நூறு வருஷத்துக்கு மேல் ஒரு சாதாரண ரஷ்யனுக்கு யோல்கா என்றால் சாராயக் கடைதான்!

வீட்டுக்குள் மரம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஜெர்மன் குடும்பங்களின் பழக்கம் அது. முதலாம் நிக்கலாய் மன்னரின் மனைவி பிரஷ்ய நாட்டு இளவரசி. அவர் அரண்மனையில் வைத்தார், பிரபுக்கள் பார்த்து வைத்தார்கள், அவர்களைப் பார்த்து நகரத்து நடுத்தர வர்க்கம் வைத்தது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக அலங்கரிப்பார்கள். கதவு திறக்கும், குழந்தைகள் உள்ளே ஓடுவார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மரம் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எல்லாமே. கிராமத்து விவசாயி வீட்டுக்கு மட்டும் அது வரவில்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் ஒருவர் இதையே வாதமாக வைப்பார்.

1914இல் ஜெர்மனியோடு போர் வந்தது. பேரில் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று பீட்டர்ஸ்பர்க்கையே பெட்ரோகிராட் என்று மாற்றிய காலம். மரத்தின் மேலும் அந்தக் கோபம் விழுந்தது. எதிரி நாட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு என்ற பேச்சு எழுந்தது. அதாவது மரத்தை முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது கம்யூனிஸ்டுகள் இல்லை, தேசபக்தர்கள்.

கிழமையே இல்லாத வருஷங்கள்

புரட்சி வந்ததும் மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1919 ஜனவரியில் லெனினே மாஸ்கோவை ஒட்டிய சோகோல்னிகியில் ஒரு பள்ளிக்கூடத்து யோல்காவுக்குப் போயிருக்கிறார். அவர் மனைவி க்ருப்ஸ்கயா உடம்பு சரியில்லாமல் அங்கே தங்கியிருந்தார். அந்த நாட்களில் சோகோல்னிகி போகும் வழியில் கொள்ளைக்காரர்கள் காரை மறித்து, நாட்டின் தலைவரை இறக்கிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு போன சம்பவமும் நடந்தது. யோல்காவுக்கு லெனின் போன கதை பிற்பாடு குழந்தைகள் புத்தகமாகவே வந்தது. ஏன் பிற்பாடு என்பதற்கு வருகிறேன்.

உண்மையில் முதல் குழப்பத்தை உண்டாக்கியது நாள்காட்டி. 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று அரசு அறிவித்தது. ஐரோப்பிய நாள்காட்டியோடு சேர 13 நாட்களை வெட்டிவிட்டார்கள். திருச்சபை பழைய கணக்கை விடவில்லை. அதனால் கிறிஸ்துமஸ் ஜனவரி 7க்குப் போனது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்துகொண்டிருந்த புத்தாண்டு இப்போது அதற்கு முன்னால் வந்துவிட்டது. சர்ச்சுக்குப் போகும் குடும்பத்துக்கு இதில் ஒரு சிக்கல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாற்பது நாளும் நோன்பு, கறி தொடக்கூடாது. ஊரே விருந்து சாப்பிடும் புத்தாண்டு சரியாக அந்த நோன்புக்குள் விழுகிறது. பாட்டி நோன்பு, பேரன் விருந்து.

1923 ஜனவரியில் இளைஞர் அமைப்பான கொம்சொமோல் தெருவில் இறங்கியது. கிறிஸ்துமஸ் அன்று எல்லா மதத்துக் கடவுள்களுக்கும் பொம்மை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். அப்போதும் மரம் முழுசாகத் தடையாகவில்லை. இருபதுகளின் கடைசியில்தான் கயிறு இறுகியது. மரம் என்பது பாதிரிகளின் தந்திரம், முதலாளி வீட்டு ஆடம்பரம், அதோடு காட்டை அழிக்கும் வேலை என்று பிரசாரம் நடந்தது. 1929இல் கிறிஸ்துமஸ் விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. ஜனவரி 1உம் வேலை நாளானது.

அதே வருஷம் செய்த இன்னொரு காரியம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வாரத்தையே எடுத்துவிட்டார்கள். ஏழு நாள் வாரம் போய் ஐந்து நாள் வாரம் வந்தது. நாலு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாள் ஓய்வு கிடையாது. தொழிலாளர்களை ஐந்து நிறமாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு நாள். தொழிற்சாலை ஒரு நாள்கூட நிற்காது, ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாததால் சர்ச்சுக்கும் யாரும் போக முடியாது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டார்கள்.

இப்ப இதை ஒரு வீட்டுக்குள் வச்சுப் பாருங்க. அப்பா மஞ்சள், அம்மா பச்சை, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வேறொரு நாள். மூணு பேருக்கும் ஓய்வு உண்டு, மூணு பேரும் சேர்ந்து சாப்பிட ஒரு நாள் கிடையாது. தனியாக உட்கார்ந்து கொண்டாடுவதற்குப் பேர் விடுமுறையா என்று 'பிராவ்தா' பத்திரிகைக்கே தொழிலாளர்கள் புகார் எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், 1931இல், அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். பழைய ஏழு நாள் வாரம் 1940இல்தான் திரும்பி வந்தது.

உளவாளி வீட்டுக்குள்ளேயே

தடை இருந்த வருஷங்களில் மரம் வைக்காமல் இருந்தார்களா? பலர் வைக்கவில்லை. சிலர் வைத்தார்கள். அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. இருட்டின பிறகு சின்ன மரம் ஒன்றைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டுவார்கள். பாட்டி பெட்டியிலிருந்து பழைய கண்ணாடி உருண்டைகள் ரெண்டு மூணு வெளியே வரும். பாட்டுப் பாடுவதாக இருந்தால் மெதுவாகத்தான்.

தெருவில் போகிறவனைப் போர்வையால் மறைத்துவிடலாம். குழந்தையை எப்படி மறைப்பது? மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சும்மா கேட்பது போலக் கேட்டால் பிள்ளை சொல்லிவிடுமே. அது யூகம் இல்லை, நிஜமான பயம். 1932இல் உரால் பகுதிக் கிராமம் ஒன்றில் பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவன் கொல்லப்பட்டான். சொந்த அப்பாவையே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி அவனை நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு முன்மாதிரி ஆக்கினார்கள். உண்மையில் அங்கே என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சர்ச்சை உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொன்ன பாடத்தில் சர்ச்சை இல்லை: அப்பாவை விட அரசு பெரிது.

அதனால் எந்தக் குழந்தைக்காக மரம் வைக்கிறோமோ அந்தக் குழந்தையே ஆபத்து என்ற நிலை. 'வெளியில சொல்லிடாதே' என்று நாலு வயசுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் புரிய வைப்பது? மரம் வைக்காமல் விட்ட பெற்றோர்களை நான் கோழைகள் என்று நினைக்கவில்லை. வைத்தவர்களை வீரர்கள் என்றும் சொல்ல வரவில்லை. ரெண்டு பேரும் பிள்ளையை மனசில் வைத்துத்தான் முடிவு எடுத்தார்கள்.

மூணு நாளில் திரும்பி வந்த மரம்

1935 டிசம்பர் 28 அன்று 'பிராவ்தா'வில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர் பாவெல் போஸ்திஷெவ், உக்ரைன் கட்சியின் இரண்டாம் செயலாளர். விஷயம் இதுதான்: புரட்சிக்கு முன்பு பணக்கார வீட்டுக் குழந்தைகள் யோல்கா கொண்டாடுவதை ஏழைக் குழந்தைகள் ஜன்னல் வழியாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று ஆட்சி நம்முடையது. அந்தச் சந்தோஷத்தை நம் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்க வேண்டும்? அதை முதலாளித்துவப் பழக்கம் என்று ஒதுக்கியது இடதுசாரி அதிதீவிரக்காரர்களின் தவறு. இந்தப் புத்தாண்டுக்கே எல்லா இடத்திலும் மரம் வையுங்கள்.

முன்னால் சொன்னேனே, அந்த வாதம்தான். நேற்று வரை எதற்காக மரம் தப்பாக இருந்ததோ, அதே காரணத்துக்காக இன்றைக்கு சரியாகிவிட்டது.

இது போஸ்திஷெவின் சொந்தத் துணிச்சல் இல்லை. ஸ்டாலினோடு காரில் போகும்போது இவர் விஷயத்தைக் கிளப்பினார், ஸ்டாலின் சரி என்றார் என்று குருஷ்சேவ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கொம்சொமோல் தலைவர் அலெக்சாந்தர் கோசரெவ் உடனே உத்தரவு போட்டார். மூணு வருஷம் முன்பு மரம் வைத்தவர்களைத் தேடிய அதே அமைப்பு, இப்போது மூணே நாளில் நாடு முழுக்க மரம் வைக்க ஓடியது.

ஏன் 1935? ரேஷன் அந்த வருஷம்தான் முடிந்தது. ஜனவரியில் ரொட்டிக்கு, அக்டோபரில் கறிக்கும் கொழுப்புக்கும். வாழ்க்கை நன்றாக ஆகிவிட்டது, சந்தோஷமாக ஆகிவிட்டது என்று நவம்பரில் ஸ்டாலின் மேடையில் பேசினார். பேசினால் போதாது, சந்தோஷம் கண்ணில் படணும். அதற்குக் குழந்தையின் முகத்தை விட நல்ல இடம் எது?

ஆனால் போஸ்திஷெவ் யார் என்று பார்க்கும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. 1933 ஜனவரியில் அவரை உக்ரைனுக்கு அனுப்பியதே தானியக் கொள்முதலை விடாமல் முடிக்கத்தான். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணக்கு. அதில் எத்தனை குழந்தைகள்! பிழைத்திருந்த குழந்தைகளுக்கு மூணு வருஷத்துக்குள் அவரே மரம் வைக்கச் சொல்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. அதே 1935 ஏப்ரல் 7இல் வந்த சட்டப்படி, திருட்டு, வன்முறை, கொலை போன்ற குற்றங்களுக்கு 12 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களைப் போலவே தண்டிக்கலாம். ஒரே வருஷத்தில் ஏப்ரலில் அந்தச் சட்டம், டிசம்பரில் மரம்.

ஒரே கட்டிடம், ஒரே மாதம்

திரும்பி வந்த மரத்தில் பெத்லகேம் நட்சத்திரம் இல்லை, ஐந்து முனைச் சிவப்பு நட்சத்திரம். கிறிஸ்துமஸ் போய் புத்தாண்டு. அலங்காரத்தில் தேவதைகளுக்குப் பதில் விமானம், பாராசூட் வீரர், வடதுருவப் பயணத்தின் நினைவாக வெள்ளைக் கரடி. புரட்சிக்கு முன்பு பிற்போக்கு ஆசாமியாகப் பார்க்கப்படாமல், பின்பு பிற்போக்கு என்று விரட்டப்பட்ட தேத் மரோஸ், அதாவது பனித் தாத்தா, விருந்தாளியாகத் திரும்பி வந்தார். அவருக்குத் துணையாகப் பேத்தி ஸ்னெகூரச்கா என்ற பனிப்பெண். 1873இல் ஒஸ்திரோவ்ஸ்கி எழுதிய நாடகத்தின் நாயகி அவள். லெனின் யோல்காவுக்குப் போன கதை புத்தகமானதும் இந்தக் காலத்தில்தான். லெனினே போயிருக்கிறார் என்றால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

1937 ஜனவரியில் மாஸ்கோவில் தொழிற்சங்க மாளிகையின் தூண் மண்டபத்தில் பெரிய யோல்கா நடந்தது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வந்து குழந்தைகளை வரவேற்றார்கள். என் நோட்டு அட்டையில் இருந்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மண்டபம்தான்.

அதே மாளிகையில் அக்டோபர் மண்டபம் என்று இன்னொரு அறை உண்டு. அதே ஜனவரி 23 முதல் 30 வரை அங்கே ஒரு வழக்கு நடந்தது. பியாத்தக்கோவ், ரதேக் உட்பட 17 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்று, செய்யாத சதிகளை ஒப்புக்கொண்டார்கள். 13 பேருக்கு மரண தண்டனை. பிள்ளைகள் இனிப்புப் பொட்டலத்தோடு படியிறங்கிப் போன கட்டிடத்துக்குத்தான் சில நாட்களில் அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

அந்த ஆகஸ்ட் 15இல் உள்துறையின் 00486ஆம் எண் ஆணை வந்தது. 'துரோகி' என்று தண்டிக்கப்பட்டவர்களின் மனைவிகளுக்கு 5 முதல் 8 ஆண்டு முகாம், பிள்ளைகளுக்கு அரசு அனாதை இல்லம். அந்த ஆண்டுகளில் குழந்தைகளின் சந்தோஷமான பால்யத்துக்காக ஸ்டாலினுக்கு நன்றி சொல்லும் பதாகைகள் எல்லாப் பள்ளியிலும் தொங்கின.

ராத்திரியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால், காலையில் அம்மா பிள்ளையிடம் 'வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்' என்று சொல்வார். ஆர்லாண்டோ ஃபைஜஸ் 2007இல் வெளியிட்ட, ஸ்டாலின் காலக் குடும்பங்களைப் பற்றிய புத்தகம் முழுக்க இந்த மாதிரிக் கிசுகிசுப்பும் மௌனமும்தான். முன்பு மரத்தை மறைக்க ஜன்னலை மூடினார்கள். இப்போது மரம் வெளிச்சத்தில் நிற்கிறது, மறைக்க வேண்டியது அப்பாவை.

போஸ்திஷெவ் 1938 பிப்ரவரியில் கைதானார். அவர் மனைவியும் மூத்த மகனும்கூட சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோசரெவை 1939 பிப்ரவரி 23 அன்று சுட்டார்கள், போஸ்திஷெவை 26 அன்று. மூணு நாளில் மரத்தைக் கொண்டுவந்த இருவரும் மூணு நாள் இடைவெளியில் போனார்கள். மரம் மட்டும் நின்றது.

200 கிராம் ரொட்டி

முற்றுகையில் இருந்த லெனின்கிராடைச் சொல்லாமல் போக முடியாது. 1941 நவம்பர், டிசம்பரில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. டிசம்பர் 25இல் 200 கிராம் ஆனது. வீட்டில் இருந்த நாற்காலி, புத்தகம் எல்லாம் அடுப்புக்குப் போய்விட்ட குளிர். அந்த நிலைமையிலும் 1942 ஜனவரி முதல் வாரத்தில் நகர நிர்வாகம் குழந்தைகளுக்கு யோல்கா நடத்தியது. நாடக அரங்குகளில், பள்ளிகளில், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பிள்ளைகள் நாடகம் பார்த்தார்கள்.

அங்கே போன குழந்தைகள் பெரியவர்களாகிச் சொன்ன நினைவுகளில் நாடகத்தை விட அதிகமாக வருவது சாப்பாடு. ரேஷன் சீட்டில் வெட்டாமல் கொடுத்த ஒரு வேளைச் சூடான சாப்பாடு. சில பிள்ளைகள் அதைப் பாதி தின்றுவிட்டு மீதியை அம்மாவுக்கு என்று மறைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதை அரசின் பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. உத்தரவு மேலிருந்து வந்ததுதான். ஆனால் செத்துக்கொண்டிருந்த ஊரில் மரத்தைக் கொண்டுவந்து நட்டவர், அதை அலங்கரித்த டீச்சர், வேஷம் கட்டின நடிகர், எல்லாரும் அதே பட்டினியில் இருந்தவர்கள்.

வீடு எடுத்துக்கொண்டது

போர் முடிந்து 1947 டிசம்பரில் ஒரு வேடிக்கையான மாற்றம் நடந்தது. ஜனவரி 1 மறுபடியும் விடுமுறையானது. ஆனால் மே 9, ஜெர்மனியை வென்ற நாள், வேலை நாளாகிவிட்டது. வெற்றி நாள் விடுமுறையாகத் திரும்பி வர 1965 வரை ஆனது. நவம்பர் 7 புரட்சி நாள், மே 1 எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் அவை ஊர்வலத்துக்கும் கொடிக்கும் உரிய நாட்கள். குடும்பத்துக்கென்று கிடைத்த நாள் ஜனவரி 1தான்.

ஸ்டாலின் இறந்த அடுத்த ஆண்டு, 1954 ஜனவரியில், கிரெம்ளினுக்குள்ளேயே குழந்தைகளுக்கு யோல்கா வைத்தார்கள். அதுவரை சாதாரண மக்கள் உள்ளே போக முடியாத இடம் அது. பின்னர் பெற்றோரின் தொழிற்சங்கம் வழியாக யோல்கா டிக்கெட்டும் இனிப்புப் பொட்டலமும் கிடைப்பது ஒரு வழக்கமாகவே ஆனது.

ஆனால் பெரிய மாற்றம் மண்டபத்தில் நடக்கவில்லை, வீட்டுக் கணக்கில் நடந்தது. அதுவரை நகரத்தில் பலர் கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, நாலைந்து குடும்பத்துக்கு ஒரு சமையல்கட்டு. யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பது எல்லாருக்கும் கேட்கும். 1957க்குப் பிறகு குருஷ்சேவ் காலத்தில் சின்னச் சின்னதாக ஐந்து மாடிக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. கூரை தாழ்வு, சுவர் மெல்லிசு, ஆனாலும் கதவைச் சாத்தினால் உள்ளே நம் குடும்பம் மட்டும்தான். சொந்தச் சமையல்கட்டு, கொஞ்ச நாளில் ஒரு டிவி. புத்தாண்டு முழுசாக வீட்டுப் பண்டிகையானது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பண்டிகைக்கு அம்மாக்கள் பட்ட பாடு தனி. டப்பா பட்டாணியும் மயோனைஸும் கடையில் எப்ப வரும் என்று தெரியாது. வந்த அன்றைக்கு வரிசையில் நின்று வாங்கி, ஆலிவியே சாலட்டுக்கு என்று வாரக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள். அப்காசியாவில் ஆரஞ்சு அறுவடை அந்த மாதங்களில் வருவதால் மாண்டரின் ஆரஞ்சு புத்தாண்டுப் பழமாயிற்று. இன்றைக்கும் அந்தத் தலைமுறைக்கு அந்தத் தோலை உரிக்கும் வாசனைதான் புத்தாண்டு. பள்ளிக்கூடத்து யோல்காவில் பையன்கள் முயல், பெண் பிள்ளைகள் பனித்துளி. பனித்துளி உடுப்புக்குத் துணி ஏது? காயத்துக்குக் கட்டுப் போடும் மெல்லிய துணியை வாங்கிக் கஞ்சி போட்டு, அடுக்கடுக்காக மடித்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைப்பார்கள்.

மரத்தில் அரசியல் கூடவே தொங்கியது. குருஷ்சேவ் மக்காச்சோளம் பயிரிடச் சொன்ன காலத்தில் கண்ணாடியில் சோளக் கதிர், ககாரின் போய் வந்ததும் விண்வெளி வீரர். ஆனால் ஒரு வீட்டு அட்டைப்பெட்டியில் இவை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பாட்டியின் பழைய உருண்டை, 1937இன் பாராசூட் வீரர், சோளக் கதிர், பிள்ளை மிட்டாய்த் தாளில் செய்த சங்கிலி. எந்த ஆட்சியில் வந்த பொம்மை என்று குழந்தைக்குத் தெரியாது. 'இது நீ பிறந்த வருஷம் வாங்கினது' என்றுதான் அம்மா சொல்வார்.

ஆட்சி போன ராத்திரி

1991 டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார். ஆறு நாள் கழித்து புத்தாண்டு. வழக்கமாக நள்ளிரவு மணி அடிக்கும் முன் டிவியில் நாட்டுத் தலைவர் வாழ்த்துச் சொல்வார். அந்த ராத்திரி அந்த நேரத்தில் மக்களிடம் பேசியது மிகயீல் சதோர்னோவ் என்ற நகைச்சுவை எழுத்தாளர். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாத நிலையிலும் வீடுகளில் மரம் இருந்தது, சாலட் இருந்தது, பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருந்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 7 கிறிஸ்துமஸும் ரஷ்யாவில் விடுமுறையாகத் திரும்பி வந்திருந்தது. மரம் தன் பழைய வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் அங்கே மரமும் பரிசும் புத்தாண்டுக்குத்தான்.

போஸ்திஷெவ் இருந்த உக்ரைனில் கதை வேறு பக்கம் திரும்பியது. ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஜூலையில், அரசு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிச் சட்டம் போட்டது. ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் சின்ன வாழ்க்கைக்குள்ளேயே ரெண்டு கிறிஸ்துமஸ் தேதியைப் பார்த்துவிட்டது. பனித் தாத்தாவை மாஸ்கோ ஆள் என்று ஒதுக்கி, புனித நிக்கலாயை வரவேற்கும் வீடுகளும் அங்கே உண்டு. 1918இல் நோன்பு இருந்த பாட்டிக்கும் விருந்துக்கு ஏங்கிய பேரனுக்கும் நடுவில் நின்ற அம்மா போல, இப்போதும் யாரோ ஒரு அம்மா ரெண்டு தலைமுறைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தக் கதையை எழுதி முடிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. மரத்தைத் தடை செய்தபோது காரணம் சொன்னார்கள், திருப்பிக் கொடுத்தபோதும் காரணம் சொன்னார்கள். இரண்டுமே பெரியவர்களுக்குச் சொன்ன காரணம். குழந்தையிடம் விளக்கம் சொல்லும் வேலை ஒவ்வொரு தடவையும் அப்பா அம்மா தலையில்தான் விழுந்தது. ஏன் ஜன்னலுக்குப் போர்வை, ஏன் இப்ப மட்டும் மரம் வைக்கலாம், அப்பா ஏன் யோல்காவுக்கு வரலை. நிறைய பேர் பொய் சொல்லியிருப்பார்கள், நிறைய பேர் பேச்சை மாற்றியிருப்பார்கள். பிள்ளை பயப்படக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

என் அப்பாவும் அன்றைக்கு ஒரு பதிலோடு முடித்துக்கொண்டார். அவர் கம்யூனிஸ்டும் இல்லை, எதிரியும் இல்லை. அந்தப் பத்திரிகை மலிவாகக் கிடைத்தது, தாள் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அறிவியல் நோட்டு இப்போது இல்லை. இருந்தால் எடுத்துப் பார்ப்பேன், மரத்தை இல்லை, சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களை. அது எந்த வருஷத்துப் படம் என்று தெரிந்தால், அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று கொஞ்சமாவது ஊகிக்க முடியும்.